அம்மாவின் குத்துவிளக்கும் அலங்காரம் என்ற சொல்லும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கலப்பு ஊடகக் கலை பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்கப்பட்டபோது முதலில் சற்றுத் தயங்கினேன். கிளிநொச்சி மாவட்டத்தில் சித்திரம் கற்பிக்கும் ஓர் ஆசிரியன் நான். எங்கள் பக்கத்தில் 'கலப்பு' என்ற சொல் பாலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் உரியது. அதுவும் நல்ல அர்த்தத்தில் அல்ல. சித்திரம் என்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது, சிலை என்றால் சந்தியில் நிற்பது என்பதே எம்மவரில் பலரது எண்ணம். வர்ணத்தோடு துணியையும், தகட்டோடு மரத்தையும், புகைப்படத்தோடு நூலையும் சேர்த்து ஒருவர் ஓர் ஆக்கத்தைச் செய்து வைத்தால், "உதென்ன, பழைய சாமான் கடையோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பிழை எதுவும் இல்லை. பழைய சாமானைப் பற்றித்தான் நானும் இன்று பேசப்போகிறேன். முன்னோர் அழகுபடச் செய்து புழங்கிய பொருட்களிலிருந்து இன்றைய கலைஞர் சிலர் எதை எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்பதே விடயம். ஆனால் அதற்குமுன் ஒரு குத்துவிளக்கின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மாவின் ஊர் முள்ளியவளை. திருமணமாகி உருத்திரபுரத்துக்கு வந்தபோது அவருடன் ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் வந்தது. நாச்சியார்கோயில் வார்ப்பு என்று அம்மப்பா சொல்லுவாராம். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அந்த ஊரில் பத்தர்கள் காவிரிப் படுகையின் வண்டலில் அச்செடுத்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, கடைசலில் கடைந்து விளக்குச் செய்வார்கள். பாதம், தண்டு, எண்ணெய் விடும் ஐந்துமுக அகல், உச்சியில் நிற்கும் அன்னம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வார்ப்பு. மறை வெட்டி ஒன்றில் ஒன்றைப் பூட்டினால் விளக்கு எழுந்து நிற்கும். கழற்றினால் ஒரு சாக்குக்குள் அடங்கிவிடும். இடம்பெயர்வதற்கென்றே செய்துவைத்ததுபோல என்று பின்னாளில் ஐயா பகிடியாகச் சொல்லுவதுண்டு.

1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது அந்த விளக்கு எங்களுடன் மல்லாவிக்கு வந்து, மீண்டும் எங்களுடனேயே ஊர் திரும்பியது. 2008 ஐப்பசி மழையில் மறுபடியும் கிளம்பவேண்டி வந்தபோது ஐயா வேறு முடிவெடுத்தார். பாதத்தையும் தண்டையும் அகலையும் கழற்றி, யூரியாப் பையில் சுற்றி, மாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் கிடங்கு வெட்டித் தாட்டார். அன்னத்தைத் தாட்க அம்மா விடவில்லை. தென்னம் பாளையின் நுனியளவு சின்னப் பறவை அது. சீலைத் துணியில் முடிந்து தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று அந்த அன்னம் எங்களுடன் வந்தது. பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமுக்கும் வந்தது. ஐயா வரவில்லை. அதைப்பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை.

2010 இல் வளவுக்குத் திரும்பியபோது கிடங்கு ஏற்கெனவே தோண்டப்பட்டிருந்தது. யார் தோண்டினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த நாட்களில் வன்னியில் எந்த ஒழுங்கையில் நின்றாலும் பழைய இரும்பு ஏற்றிய லொறியைக் காணலாம். இரும்பைவிடப் பித்தளைக்கு விலை கூட. வாய்க்கால் கரையில் பற்றைக்குள் அகல் மட்டும் கிடந்தது. ஒரு முகம் நசிந்து, அடியில் கீறல் விழுந்திருந்தது. பாதமும் தண்டும் போனது போனதுதான்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

நவீன கலை விமரிசனத்தில் 'அலங்காரம்' என்பது நெடுங்காலமாக ஒரு வசைச்சொல்லாகவே இருந்து வந்திருக்கிறது. ஒரு சித்திரத்தைப் பார்த்து "இது வெறும் அலங்காரம்" என்று சொல்லிவிட்டால் ஓவியர் தலையைக் குனிய வேண்டியதுதான். இந்த மனப்பாங்கு எங்களுக்கு மேற்கிலிருந்து வந்தது. தமிழில் அப்படியில்லை. 'அணி' என்றால் கழுத்தில் போடும் நகையும் அதுதான், கவிதையில் வரும் உவமையும் அதுதான். தண்டியலங்காரம் என்று ஓர் இலக்கண நூலுக்கே பெயர் வைத்திருக்கிறோம். உவமையைக் கழற்றி எடுத்துவிட்டால் கவிதை அப்படியே நிற்கும் என்று எந்த உரையாசிரியரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

கொழும்பில் பிறந்து உலகம் அறிந்த கலை அறிஞரான ஆனந்த குமாரசுவாமி (1877–1947) இதைப்பற்றி 1939 இல் ஒரு கட்டுரையே எழுதினார். 'அலம்' என்ற வடசொல்லுக்குப் போதும் என்று பொருள். ஆகவே அலங்காரம் என்பது ஒரு பொருளைப் போதுமானதாக ஆக்குதல், அதன் தொழிலுக்கு வேண்டியதைக் கொடுத்து நிறைவாக்குதல் என்பது அவரது வாதம். மேலதிகமாக ஒட்டவைக்கும் மினுக்கம் என்ற கருத்துப் பிற்காலத்தது. இதை நான் மாணவர்களுக்கு விளங்கப்படுத்தும்போது குத்துவிளக்கையே காட்டுவேன். உச்சியில் அன்னம் எதற்கு? எண்ணெய் எரிவதற்கு அது தேவையில்லை. ஆனால் விளக்கை எடுத்து வைக்கும்போது கை போய்ப் பிடிப்பது அதன் கழுத்தைத்தான். அம்மா அன்னத்தை விட்டுவர மறுத்ததற்கும் காரணம் அதுவாக இருக்கலாம். ஐம்பது வருடமாக அவரது விரல் பட்ட இடம் அது.

இந்த அலங்காரப் பொருட்களை நவீன சிற்பத்துக்குள் துணிந்து கொண்டுவந்தவர்கள் சென்னைக் கலைஞர்கள். அந்தக் கதை சுவையானது. 1960களில் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர்களுக்குச் சித்திரம் தீட்டிப் பிழைக்க வழி இருக்கவில்லை. கல்லூரியின் தலைவராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரின் வழிகாட்டலில் அவர்கள் ஒரு கைவினைச் சங்கம் அமைத்து, பத்திக் துணியும் உலோகப் பொருட்களும் தோல் வேலைகளும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் காணி வாங்கி 1966 இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். அதாவது கைப்பணி சோறு போட்டது; சித்திரம் அந்தத் தெம்பில் வளர்ந்தது. கைப்பணிக்குச் செய்த கைகளே சிற்பத்துக்கும் செய்ததால் ஒன்றின் நுட்பம் மற்றதற்குள் இயல்பாகவே புகுந்துகொண்டது.

அவர்களில் பி. வி. ஜானகிராம் (1930–1995) என்பவரைக் குறிப்பிடவேண்டும். கோயில்களில் மூலவிக்கிரகத்துக்குச் சாத்தும் கவசத்தை நேயர்கள் கண்டிருப்பீர்கள். வெள்ளியையோ செம்பையோ தகடாக்கி, பின்புறமிருந்து தட்டித் தட்டி முன்புறம் புடைக்கச் செய்வது அது. ஜானகிராம் செப்புத் தகட்டை அவ்வாறே புடைக்க அடித்து, அதன்மேல் உலோகக் கம்பிகளை ஒட்டவைத்து, கண்ணும் மூக்கும் ஆபரணமுமாகக் கோடு கோடாக வரைந்தார். பென்சிலால் தாளில் இழுக்கும் கோட்டை அவர் கம்பியால் தகட்டில் இழுத்தார் என்று சொல்லலாம்.

கவசத்துக்கு ஒரு விசேடம் உண்டு. அதற்கு முன்புறம் மட்டுமே உண்டு. பின்னால் வெறும் குழி. சிற்பம் என்றால் சுற்றிவந்து எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டியது என்பது மேற்கத்தேயப் பாடம். சென்னைச் சிற்பிகள் பலர் அந்தப் பாடத்தைக் கற்றபின் அதை மெதுவாக ஒதுக்கி வைத்தார்கள். சந்நிதியில் நிற்பவனுக்கு முன்புறம் போதும் என்ற எங்கள் பழக்கத்தையே கைக்கொண்டார்கள். இதை ஒரு குறை என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வாசலில் நின்று கும்பிட்டு வளர்ந்த கண் வேறு விதமாகப் பார்க்காது.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். லொயோலாக் கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர் அவர். செம்பையும் பித்தளையையும் தகடாக வெட்டி, உருக்கி ஒட்டி, எனாமல் பூசி, திருவாசியையும் வாகனத்தையும் கொடிமரத்தையும் நினைவூட்டும் பெரிய உருவங்களைச் செய்தார். அவரது ஆக்கங்களின் படங்களைப் பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உடனே "சேர், இது தேர்" என்றோ, "இது சூரன்" என்றோ சொல்லிவிடுவார்கள். தேரும் இல்லை, சூரனும் இல்லை. ஆனால் அந்தத் தவறான விடையில் அவருக்கு வெற்றிதான் என்று எனக்குப் படுகிறது.

உலகத்தில் வேறு இடங்களிலும் இது நடந்திருக்கிறது. கானா நாட்டில் 1944 இல் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் கற்பித்த எல் அனற்சுயி, மதுப் போத்தல் மூடிகளை ஆயிரக்கணக்கில் தட்டையாக்கிச் செப்புக் கம்பியால் தைத்துப் பிரமாண்டமான திரைகளைச் செய்கிறார். தூரத்தில் நின்று பார்த்தால் ஆபிரிக்க அரசர்கள் போர்த்த கெந்தே நெசவுத் துணி போலத் தகதகக்கும். கிட்டப் போனால் சாராய மூடி. ஆபிரிக்காவுக்கு அந்தச் சாராயம் வந்த வரலாற்றில் அடிமை வியாபாரமும் இருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தகதகப்பு வேறொன்றையும் சொல்லும். 2015 இல் வெனிஸ் கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்கு வழங்கப்பட்டது. இலங்கையிலும் தெற்கைச் சேர்ந்த பால பொத்துப்பிட்டிய என்ற கலைஞர், தம் பரம்பரையாரின் சடங்காட்ட உடுப்பு வேலைப்பாட்டிலிருந்தும் குடியேற்றக் காலத்து நிலப்படங்களிலிருந்தும் தன் ஆக்கங்களைச் செய்துவருகிறார். யாழ்ப்பாண நிலப்படத்தை வைத்துச் செய்த ஓர் ஆக்கத்துக்கு 2010 இல் ஆசிய அளவிலான பரிசு ஒன்றும் பெற்றார்.

ஆனால் எனக்கு மிக நெருக்கமாக வந்தவர் எங்கள் பக்கத்தவரான தா. சனாதனன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, டெல்லியில் கலை பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்துவருபவர் அவர். 1981 இல் எரிக்கப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004 இல் 'அகம் – புறம்' என்ற கண்காட்சி நடந்தது. அதில் அவர் சித்திரம் எதையும் மாட்டவில்லை. குடாநாட்டின் வீடுகளில் இருந்து சேகரித்த சின்னச் சின்னப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். 'வரலாறுகளின் வரலாறு' என்று பொருள்பட அதற்குப் பெயர். நூல்கள் எரிந்த இடத்தில் வீட்டுச் சாமான்களை வரலாறாக அடுக்குவது என்பதை நேயர்கள் சற்று யோசித்துப் பாருங்கள். அதை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. பின்னர் கனடாவின் வன்கூவர் நகரிலுள்ள மானிடவியல் அருங்காட்சியகத்திலும், அங்கு புலம்பெயர்ந்து வாழும் தமிழரின் வீட்டு நினைவுகளைக் கொண்டு ஓர் ஆக்கத்தை அவர் செய்தார்.

நான் கையில் எடுத்துப் பார்த்தது அவரது 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற நூலை. 2011 இல் வெளிவந்தது. தோம்பு என்பது காணிப் பதிவேடு. போர்த்துக்கேயர் தொடங்க, ஒல்லாந்தர் விரிவாக எழுதிவைத்தார்கள். யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை பனை, எவ்வளவு வரி என்று அறிய ஆட்சியாளருக்கு உதவிய ஏடு. போர்த்துக்கேயர் போய் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகியும் நாங்கள் கதிரையில் இருந்து, மேசையில் சாப்பிட்டு, அலுமாரியைப் பூட்டி, யன்னலைச் சாத்துகிறோம். இந்த நான்கு சொற்களும் அவர்கள் விட்டுச் சென்றவைதாம். வீட்டுச் சாமானோடு வந்த சொல் அவ்வளவு இலகுவில் போகாது.

சனாதனன் என்ன செய்தார் என்றால், வீடிழந்து இடம்பெயர்ந்த எண்பது பேரிடம் போனார். தமிழரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தாம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து நிலப்படமாகக் கீறிக் கொடுத்தார்கள். அந்தக் கீறலை அளவோடு கூடிய கட்டட வரைபடமாக மெல்லிய ஊடுதாளில் மறுபடி வரையச் செய்தார். மூன்றாவதாக, அவர்கள் சொன்ன கதைக்குத் தாமே வர்ணக்கட்டியால் ஒரு சித்திரம் தீட்டினார். ஊடுதாளைத் தூக்கினால் கீழே நடுங்கும் கையால் கீறிய கோடு தெரியும். நூல் முழுவதும் ஒரு கந்தோர்க் கோப்பைப்போலக் கட்டப்பட்டிருக்கிறது. காணிக் கந்தோரில் எத்தனை நாள் வரிசையில் நின்றிருக்கிறோம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கோப்பைத் திறக்கும்போதே கை கொஞ்சம் கூசும். ஆட்சியாளரின் ஏட்டை எடுத்து ஆளப்பட்டவரின் ஞாபகத்தை அதில் எழுதிவிட்டார் என்பதே அதன் சிறப்பு.

2016 இல் கொச்சி–முசிறிஸ் கலைவிழாவில் அவர் வைத்த ஆக்கமும் இவ்வகைத்தே. நூலகங்களில் முன்பு இருந்த, சின்ன லாச்சிகள் கொண்ட அட்டவணைப் பெட்டியை வைத்து, போர்க்காலத்தில் சாதாரண சனம் சமாளித்து உயிர்வாழ்ந்த கதைகளை அதன் அட்டைகளில் பதிந்திருந்தார். அதை ஆவணம் என்று சொல்வதா, தளபாடம் என்று சொல்வதா, கலை என்று சொல்வதா? லாச்சியை இழுக்கும் ஆளைப் பொறுத்தது.

அந்த நூலைப் பார்த்த அன்று இரவு நான் அம்மாவிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, எங்கள் பழைய வீட்டைக் கீறச் சொன்னேன். "எனக்கு உது வராது தம்பி" என்றார். பிறகு கீறினார். முழு வீடும் தாளின் ஒரு மூலைக்குள் ஒடுங்கிப்போக, சாமியறை மட்டும் தாளின் பாதியைப் பிடித்தது. உண்மையில் அது நாலடிக்கு ஐந்தடி அறை. அதன் நடுவில் ஒரு வட்டம் போட்டு, "உதிலைதான் விளக்கு" என்றார். நான் வரைந்திருந்தால் வீட்டை அளவாக வரைந்திருப்பேன். அம்மாவின் படம்தான் சரி என்று நினைக்கிறேன்.

பாடசாலையில் ஒரு பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். 2011 என்று நினைவு. வீட்டில் உள்ள, வேலைப்பாடு கொண்ட பழைய பொருள் ஒன்றைப் பார்த்து அதன் கோலத்தை வரைந்து வரும்படி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். செம்பு, தாம்பாளம், வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, கொட்டைப்பெட்டி எதுவாகவும் இருக்கலாம் என்றேன். சொல்லி முடிக்கும்போதே பிழை விட்டுவிட்டேன் என்று விளங்கியது. வகுப்பு பேசாமல் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் இருந்தவை நிவாரணத்தில் வந்த பிளாஸ்ரிக் வாளி, அலுமினியப் பானை, நுளம்புவலை. பழையது என்று சொல்ல ஒன்றுமில்லை. நானும் ஆசிரியர் கலாசாலையில் படித்த பாடத்தை அப்படியே கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டேன்.

அடுத்த கிழமை பாதிப்பேர் வெறுங்கையோடு வந்தார்கள். சிலர் பாடப் புத்தகத்திலிருந்த அன்னத்தைப் பார்த்துக் கீறி வந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் தறப்பாளை வரைந்து வந்திருந்தாள். வன்னியில் தறப்பாள் என்றால் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அந்த நீல எழுத்துகளை ஒன்றுக்கொன்று தலைகீழாகப் புரட்டிப் புரட்டி அடுக்கி, சேலைக் கரைபோல ஓர் ஓரவேலைப்பாடு செய்திருந்தாள். நடுவில் வெயில் பட்டு இற்றுப்போன துளைகளைப் புள்ளிக்கோலமாக வைத்திருந்தாள். "இது பழசோ?" என்று கேட்டேன். "எங்கடை வீட்டிலை இருக்கிறதிலை இதுதான் சேர் பழசு" என்றாள். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். பெருங் கலைஞர்களைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்தத் தாள் எனக்குச் சொல்லித் தந்தது கூட. பூநகரியில் பேராசிரியர் புஷ்பரட்ணம் ஆய்ந்து எடுத்த கறுப்புச் சிவப்பு மட்பாண்டத் துண்டுகளைப் பற்றி அதே வகுப்பில் பெருமையாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பானையும் ஒருநாள் யாரோ ஒருவரின் வீட்டில் புதிதாக இருந்த சாமான்தானே.

இந்த நிலையில்தான் என் விளக்குக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் வந்தது. நசிந்த அகலும் அன்னமும் கையில் இருந்தன. புதிய பாதமும் தண்டும் கடையில் வாங்கலாம். அம்மா அதை விரும்பவில்லை, எனக்கும் மனமில்லை. மாத்தளன்வரை அம்மாவையும் சாமான்களையும் சுமந்த சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டோம். ஊர் திரும்பியபின் வாங்கிய பழைய சைக்கிள் ஒன்று உக்கி மூலையில் கிடந்தது. அதன் பெரிய பற்சில்லைப் பார்த்தேன். நடுவில் இதழ் இதழாக வெட்டிய பூ. சைக்கிள் செய்தவனுக்கும் அலங்காரம் தேவைப்பட்டிருக்கிறது! அதைப் பாதமாகவும், சீற் தண்டைத் தண்டாகவும் வைத்துப் பார்த்தேன். நின்றது.

கரடிப்போக்கில் ஒரு லேத் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், இது இரும்பு, அது பித்தளை. வெல்டிங் பிடிக்காது. பிறேசிங்தான் செய்யவேணும்."

"செய்யுங்கோ அண்ணை."

"செய்யலாம். ஆனால் ஒட்டின இடம் மஞ்சளாத் தெரியும். வடிவா இராது."

"தெரியட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒட்டுத் தெரியாமல் ஒட்டுவதே அவர் தொழிலின் பெருமை. ஒட்டுத் தெரியவேண்டும் என்று ஒருவன் காசு கொடுத்துக் கேட்டால் அவர் என்ன நினைப்பார்? நந்தகோபாலின் செம்பும் பித்தளையும் சேர்ந்த பொருத்துகளைப் பற்றி அவருக்கு அங்கே நின்று விரிவுரை நிகழ்த்த முடியுமா? காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2013 இல் ஒரு பாடசாலைக் கண்காட்சியில் அதை மேசைமேல் வைத்தேன். கீழே அம்மா கீறிய வீட்டுப் படத்தையும், அந்தப் பிள்ளையின் அனுமதியோடு அவளது தறப்பாள் கோலத்தையும் விரித்திருந்தேன். வந்தவர்கள் சிலர் நின்று பார்த்தார்கள். ஒருவர் விலை கேட்டார். நல்ல விலை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது என்பதை மறைப்பானேன். கலைஞன் என்று ஒருவர் என்னைக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

பிற்பகல் அம்மா வந்தார். மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அன்னத்தின் கழுத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு எண்ணெய் விடலாமோ?"

"அம்மா, இது பார்க்கிறதுக்குச் செய்தது."

"விளக்கைப் பார்க்கிறதோ?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. முள்ளியவளையில் பிறந்தவரிடம் விளக்கைப்பற்றி வாதாட முடியாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, எண்ணெய்க்குப் பதிலாக அந்த உப்புநீரிலேயே விளக்கு எரியும் என்பதை நம்பி, பார்த்து வளர்ந்தவர் அவர். அங்கே மடைப்பண்டத்தோடு நடந்துபோகும் சனத்துக்கு நடுவில் நின்று, "இது பார்ப்பதற்கு, அது புழங்குவதற்கு" என்று நான் பிரித்துச் சொன்னால் யார் கேட்பார்கள்? கலைக்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொருள் பாதுகாப்பாக இருக்கிறது என்பது உண்மை. சனாதனன் அந்தப் பொருட்களைச் சேகரித்திராவிட்டால் பல குப்பைக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் அம்மாவின் கேள்வி எனக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. விலை கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கண்காட்சி முடிந்த வெள்ளிக்கிழமை விளக்கு சாமியறைக்கு வந்தது. அம்மா பழப்புளி போட்டு அகலையும் அன்னத்தையும் தேய்த்தார். இரும்புத் தண்டைச் சீலைத் துணியால் துடைத்தார். நல்லெண்ணெய் விட்டு, நசிந்த முகத்தை விட்டு மற்ற நாலு முகத்திலும் திரி போட்டுக் கொளுத்தினார். அரை மணித்தியாலம் நன்றாகத்தான் எரிந்தது. பிறகு பார்த்தால் தண்டு வழியே எண்ணெய் வடிந்து பற்சில்லின் பூவுக்குள் தேங்கி நின்றது. அகலின் அடியில் இருந்த கீறலை லேத் கடையில் சரியாக அடைக்கவில்லை.

"வடிவாத்தான் இருக்கு தம்பி" என்றார் அம்மா. "ஆனால் ஒழுகுது."

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் விளக்கைச் சாக்கில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மறுபடியும் கரடிப்போக்குக்குப் போனேன்.